விரதக் குக்கரில் பன்றி எலும்பு

அம்மா விரதச் சோறு ஆக்குகிற குக்கரில் நான் பன்றி விலா எலும்பு அவித்தேன். அவர் விரதம் தொடங்கி முப்பத்தோராம் நாள். அன்று பறுவம் வேறு, முழுநிலா நாள். இதை இன்னும் பதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் லிப்ற் திருத்துகிற ஆள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் இருபத்தைந்து வருடமாக அந்த வேலைதான் செய்கிறேன். இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில். நான், மனைவி, அம்மா. மகள் பேராதனையில் படிக்கிறாள், லீவுக்குத்தான் வருவாள்.

மனைவி கொட்டாஞ்சேனைக்காரி, வேதக்காரி, கத்தோலிக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். காதலித்துக் கட்டினோம். கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. அப்பா செத்த பிறகு தனியாக இருக்க முடியாமல் எங்களிடம் வந்தார். அது நடந்து பதினெட்டு வருடம். இரண்டு பெண்களும் சண்டை பிடித்ததை நான் கண்டதில்லை. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்ததையும் கண்டதில்லை. மாமி என்றால் மாமி, பிள்ளை என்றால் பிள்ளை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சட்டிகள் இரண்டு தரம். சைவச் சட்டிகள் உள்ளே குசினியில். மச்சச் சட்டிகள் பின் பல்கனியில், அங்கே அதற்கென்று ஒரு ஒற்றை அடுப்பு. மீன், கோழி, முட்டை எல்லாம் அந்த அடுப்பில்தான். கரண்டிகூட இடம் மாறக்கூடாது. வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதி இப்படித்தான் நடக்கிறது. பிரஷர் குக்கர் மட்டும் ஒன்றுதான் இருந்தது. அது அம்மாவின் குக்கர். பருப்பும் சோறும் பொங்கலும் தவிர அதற்குள் வேறு எதுவும் போனதில்லை.

பல்கனி அடுப்பில் ஆடு வெந்தது, நண்டு வெந்தது, கணவாய் வெந்தது. பன்றி மட்டும் வேகவில்லை. என் மனைவிக்குப் பன்றி இறைச்சி என்றால் உயிர். கொட்டாஞ்சேனையில் பெருநாளோ பிறந்தநாளோ பன்றிக் கறி இல்லாமல் நடக்காது. அம்மா வந்த பிறகு அவள் அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போவாள், அங்கே சாப்பிடுவாள், வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவாள். அந்த அக்கா குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய் இரண்டு வருடம். அதோடு அந்த ஞாயிறும் நின்றது.

இந்த வருடம் அவளுடைய மார்பில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது தெளிவாக இல்லை என்று இன்னொரு இடத்துக்கும் அனுப்பினார்கள். நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். புட்டு வைத்தாலும் இடியப்பம் வைத்தாலும் இரண்டு வாய், பிறகு கோப்பையைத் தள்ளிவிடுவாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

அவளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று காலையில் அம்மா நேர்த்தி வைத்தார். நாற்பத்தெட்டு நாள், ஒரு நேரச் சாப்பாடு. தானே குளித்து, தானே சமைத்து, சாமிப் படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, அதன் பிறகு தான் சாப்பிடுவது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சீனி வருத்தமும் இருக்கிறது. கிளினிக்கில் வேண்டாம் என்றார்கள், நானும் வேண்டாம் என்றேன். டொக்டருக்குத் தெரிந்தது டொக்டருக்கு, தனக்குத் தெரிந்தது தனக்கு என்றுவிட்டுப் போய் அரிசி களைந்தார்.

ஒவ்வொரு நாளும் படைத்த சோற்றில் ஒரு பிடியைப் பருப்போடு குழைத்து மனைவியின் அறைக்குக் கொண்டுபோவார். "பிள்ளை, ஒரு வாய்," என்பார். அவள் யேசு படத்துக்குக் கீழே படுத்திருந்தபடி வாயைத் திறப்பாள். மற்றச் சாப்பாட்டைத் தள்ளினாலும் அதைத் தள்ளமாட்டாள்.

நாலு கிழமை முடிந்த பிறகு ஒருநாள் நான் அவளோடு கத்தினேன். நான் கத்துகிற ஆள்தான், மறைக்க ஒன்றுமில்லை. சாப்பிடாமல் கிடந்து என்னைக் கொல்லப்போகிறாயா, எதுதான் வேண்டும், வாயைத் திறந்து சொல்லு என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா செய்வீங்களா?"

"சொல்லன்."

"பன்றி எலும்பு. அக்கா செய்ற மாதிரி, எலும்ப விட்டுக் கழண்டு வாற மாதிரி மெதுவா. எனக்குக் கடிக்கத் தெம்பில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உலகத்தில் இத்தனை சாப்பாடு இருக்க இதைத்தானா கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மா பக்கத்து அறையில் விரதம் இருக்கிறார், இவள் பன்றி கேட்கிறாள் என்று நினைத்தேன். அம்மா யாருக்காக விரதம் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் என் தலைக்குள் வரவே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து ஹெந்தளைக்குப் போனேன். அவளுடைய ஆட்கள் எப்போதும் வாங்குகிற கடை அங்கேதான் இருந்தது. அதற்கடுத்த நாள் பறுவம். அன்று இறைச்சிக் கடை ஒன்றும் திறக்காது, ஆனால் எனக்கு லீவு, அம்மா கோயிலுக்குப் போய்விடுவார். அந்தக் கணக்கில்தான் போனேன். கடைக்காரப் பெடியனிடம் சிங்களத்தில் விலா எலும்பு கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, முதல் தரம் சமைக்கிறாயா என்று சிரித்தான். உட்பக்கத்துச் சவ்வைக் கத்தியால் கிளப்பி இழுத்துக் கழற்றினான். அது இருந்தால் எத்தனை மணித்தியாலம் அவித்தாலும் தோல்போல் இழுக்குமாம். இரண்டு விரல் நீளத்துக்கு எலும்பை வெட்டித் தந்தான். மெதுவாக வர என்ன செய்ய வேண்டும் என்றேன்.

"பிரஷர் எகே தாண்ண, அய்யே," என்றான். குக்கரில் போடச் சொன்னான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த யோசனையே எனக்கு இருக்கவில்லை. மச்சச் சட்டியில், பல்கனியில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று காட்டத்தான். அதனால் ஒன்றும் குறையவில்லை என்பதும் தெரியும்.

இறைச்சியைப் பொலித்தீன் லஞ்ச் சீற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, வெறும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் போட்டு, பிரிட்ஜின் மேல்தட்டில் கடைசியில் தள்ளி வைத்தேன். ஐம்பத்திரண்டு வயது மனிதன், தன் சொந்த வீட்டில்.

பறுவத்தன்று எட்டரைக்கு அம்மா மூன்றாம் மாடி அன்ரியோடு கோயிலுக்கு இறங்கினார். பூசை முடிந்து வரப் பகல் ஒரு மணியாகும். லிப்ற் கதவு மூடிய சத்தம் கேட்டதும் வேலையைத் தொடங்கினேன். மனைவி கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இஞ்சி, உள்ளி, மிளகு, கறுவா, கொறுக்காய்ப்புளி, வறுத்த தூள். நான் குசினிக்கும் அறைக்கும் நடந்து நடந்து கேட்டேன். கொறுக்காயை ஊறவைத்து அரைக்க வேண்டும் என்றாள். எவ்வளவு என்றேன். ஒரு மூன்று துண்டு என்றாள். சின்னத் துண்டா பெரிய துண்டா என்றேன். "லிப்டுக்கும் இப்பிடித்தான் கேட்டுக் கேட்டுத் திருத்துவீங்களா?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னை நக்கலடித்தது அன்றைக்குத்தான்.

பல்கனி அடுப்பில் மச்சச் சட்டியை வைத்தேன். புளி, வினாகிரி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டினேன். கெதியாக அவியட்டும் என்று நெருப்பைக் கூட்டினேன். கடல்காற்று நெருப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வற்றியது, பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி வற்றியது, மறுபடி ஊற்றினேன். பத்தரைக்கு ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். பாட்டா செருப்பைக் கடித்தது போல் இருந்தது. பதினொன்றேகாலுக்கு மறுபடி கடித்தேன். அதே செருப்பு. மனைவி அறையிலிருந்து, மணம் நல்லா வருது, ஆச்சா என்று கேட்டாள். எழும்பித் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிடுவதற்காக அவள் எழும்பி உட்கார்ந்து ஒரு மாதமிருக்கும்.

ஒரு மணிக்கு அம்மா வந்துவிடுவார். இந்தச் செருப்பைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, கடிக்க முடியாமல் அவள் துப்புவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குசினிக்குள் போனேன். குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி அதன் இடத்தில் இருந்தது. முன்னால் நின்று நான் பெரிதாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம்கூட இல்லை. பாத்திரம் அலுமினியம்தானே, கழுவினால் போகும்தானே என்று எனக்கு நானே சொன்னேன். எடுத்தேன். எலும்பையும் சாற்றையும் கொட்டினேன். அரைக் கோப்பை சுடுதண்ணீர். மூடி. முதல் விசில் வந்ததும் நெருப்பை அடக்கினேன். இருபத்தைந்து நிமிடம். குக்கரை பல்கனிக்குக் கொண்டுபோகக்கூட இல்லை. சைவ அடுப்பிலேயே வைத்து அவித்தேன்.

அடுப்பை நிறுத்தி, காற்றுத் தானாக இறங்கும்வரை விட்டேன். திறந்தபோது இறைச்சி எலும்பை விட்டு ஒதுங்கி நின்றது. கரண்டி பட்டதும் கழன்றது. அப்படியே மச்சச் சட்டிக்கு மாற்றி, பல்கனியில் வைத்துச் சாற்றை வற்றவைத்தேன். எண்ணெய் மேலே வந்து, சாறு கறுத்து, எலும்பில் ஒட்டிக்கொண்டது. நான் சமைத்த சாப்பாடுகளில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்.

அவள் ஏழு துண்டு சாப்பிட்டாள். பாண் துண்டைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள், விரலை நக்கினாள். அக்கா செய்றது இன்னும் கொஞ்சம் புளிக்கும் என்றாள். பிறகு திடீரென்று நிறுத்திக் கேட்டாள்.

"எதில அவிச்சீங்க?"

"மச்சச் சட்டியில. வேற எதில?"

கண் வெட்டாமல் சொன்னேன். அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.

பிறகு நான் கழுவினேன். சவர்க்காரம், பிறகு தேசிக்காய், பிறகு பழப்புளி, பிறகு மஞ்சள், பிறகு மறுபடி சவர்க்காரம். வெளியே இறைச்சி மணம் போக வேண்டுமே என்று சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டினேன். புகை அடங்க முதல் அம்மா வந்துவிட்டார். வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

"இண்டைக்கு நீயும் கும்பிட்டனியோ தம்பி?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் கோயில் பக்கம் போய் வருடக் கணக்காகிறது. ஓம் என்றேன்.

அவர் நேரே குசினிக்குப் போய்க் குக்கரை எடுத்தார். நான் பின்னால் ஓடினேன். இன்றைக்கு ஒருநாள் சைவக் கடையில் வாங்கித் தருகிறேன், களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள் என்றேன். விரதத்தில் கடைச் சோறு தின்ன நான் என்ன லொட்ஜில் இருக்கிறேனா என்றார். ரைஸ் குக்கரில் போடலாமே என்றேன். அதில் உன் மகள் முட்டை அவிக்கிறவள் என்றார். பிறகு குக்கரைத் தொட்டுப் பார்த்து, ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார். சும்மா கழுவி வைத்தேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் ஒரு ஆம்பிளை பாத்திரம் கழுவியதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அரிசியைக் களைந்து அதற்குள் போட்டார்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அரிசி அதற்குள் விழுந்த பிறகும் சொல்லியிருக்கலாம். விசில் வந்த பிறகும் சொல்லியிருக்கலாம். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சோற்றை இறக்கினார், படைத்தார், பல்கனிச் சுவரில் காகத்துக்கு வைத்துக் கூப்பிட்டார், காகம் வந்து தின்றது. பிறகு ஒரு பிடி குழைத்து மனைவிக்குக் கொண்டுபோனார். அவளுக்கு வயிறு முட்ட இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாளைக்குப் பிறகு அம்மா, குக்கரின் ரப்பர் வளையம் ஏதோ மணக்குது என்றார். கறுவாவா புளியா, விளங்கவில்லையாம். நான் அறிவேன். பாத்திரம் விட்டாலும் ரப்பர் விடாது. பழசாகிப் போச்சு என்று சொல்லி, அன்றைக்கே புது வளையம் வாங்கிப் போட்டேன். பழையதைப் பேப்பரில் சுற்றி, வேலைக்குப் போகிற வழியில் தெருக் குப்பையில் எறிந்தேன். கவனமுள்ள பிள்ளை என்று அம்மா மூன்றாம் மாடி அன்ரியிடம் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டு செருப்பைப் போட்டேன்.

விரதத்தின் முப்பத்தேழாம் நாள் றிப்போட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருதரம் காட்டினால் போதும் என்றார்கள். மனைவி ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலேயே இருந்து அழுதாள். நானும் அழுதேன். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரெலிபோனை எடுத்தார். கனடாவுக்கு, லண்டனுக்கு, யாழ்ப்பாணத்துக்கு. எல்லோருக்கும் ஒரே கதை. முப்பத்தேழு நாள் ஒரு சோற்றுப் பருக்கை பிழையாகப் போகவில்லை, சாமி கண் திறந்துவிட்டார். ஒரு நாளைக்கு நாலு தரம் இதைக் கேட்டேன். லண்டனில் ஒரு பெரியம்மா மகள், தன் புருசனுக்காகத் தானும் அதே விரதம் இருக்கப்போவதாகச் சொன்னாளாம். எப்படிப் பிடிப்பது என்று அம்மா விபரமாகச் சொல்லிக்கொடுத்தார். பாத்திரம்தான் முக்கியம், மச்சம் படாத பாத்திரமாகப் பார் என்றார்.

நாற்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் சொன்னேன். உண்மை முக்கியம் என்றோ, அவருக்குத் தெரிய உரிமை இருக்கிறது என்றோ நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எனக்காகச் சொன்னேன்.

அம்மா கதிரையில் இருந்தார். கைத்துவாயை மடியில் வைத்தார்.

"பறுவத்தண்டோ?"

"ஓம்."

"நான் கோயிலால வர முதலோ?"

"ஓம் அம்மா."

"சாம்பிராணி..."

அவர் விரலை மடக்கி எண்ணினார். இரண்டு கையும் முடிந்து மறுபடி தொடங்கினார். பிறகு, நாளைக்கு முதலாம் நாள் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். முப்பது நாள் சரிதானே, விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம்தானே என்றேன். விரதம் என்ன ரீவி நாடகமா விட்ட இடத்தில் பிடிக்க என்றார். சீனி வருத்தத்தோடு இன்னும் நாற்பத்தெட்டு நாளா, சாகப்போகிறீர்களா என்றேன். மேசையில் அடித்தேன். கடைசியில் என்னிடம் இருந்த பெரிய நியாயத்தைத் தூக்கிப் போட்டேன். றிப்போட் நல்லதாகத்தானே வந்தது, பன்றி அவித்த பிறகும் சாமி தந்தார்தானே, பிறகு எதற்கு இது என்றேன்.

அம்மா சத்தம் போடவில்லை.

"அவர் தந்தது அவற்ற பக்கம். நான் தாறன் எண்டு சொன்னது என்ர பக்கம். நான் இன்னும் குடுக்கேல்லையே."

சத்தம் கேட்டு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டாள். நான் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார், இரண்டு வசனத்தில். மனைவி என்னைப் பார்த்தாள். மச்சச் சட்டியில் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

"மாமி, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது," என்றாள்.

"நீ திண்டது பிழையில்லப் பிள்ளை. வருத்தக்காரி, வாய்க்கு விருப்பமானதைத் தின்ன வேணும்." பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆசை எண்டு எனக்குச் சொல்லியிருந்தா நான் இன்னொரு குக்கர் வாங்குவிச்சிருப்பன். பல்கனியில வச்சு அவிச்சிருப்பாய். ஏன் இத்தினை வருசமா அது இந்த வீட்டுக்கு வரேல்ல?"

மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க இருக்கிற வீட்டில பன்றி வரக்கூடாது எண்டு நீங்க சொன்னதா இவர்தான் சொன்னார், மாமி. நீங்க வாறத்துக்கு முந்தின நாள்."

"நானோ?"

அம்மா என்னிடம் அதைக் கேட்டபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா வருகிறார், மருமகளை ஒன்றும் சொல்லிவிடக்கூடாது, வீட்டில் கரைச்சல் வரக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டு, அதில் அம்மாவின் பெயரை எழுதினேன். பதினெட்டு வருடம் என் மனைவி தன் மாமியை அந்தச் சட்டத்தின் ஆளாகத்தான் பார்த்திருக்கிறாள். மாதா மாதம் அந்த ஞாயிறு அவள் வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தது யாருக்குப் பயந்து என்று அன்றைக்குத்தான் இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

அம்மா எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மனைவி அந்த இடத்திலேயே நின்றாள்.

"அவிச்சது ஒரு பிழை. அத விடுங்க, எனக்காகச் செஞ்சீங்க. இன்னும் எட்டு நாள் வாய மூடிட்டு இருக்க ஏலாமப் போச்சா? ஒங்களுக்கு மனசு பாரமா இருந்திச்சு, அத எறக்கி மாமி தலையில வச்சிட்டீங்க."

அப்போ பொய்யிலேயே விரதத்தை முடிக்க விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அரிசி குக்கருக்குள் விழ முதல் வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் சாப்பாடு பிந்தியிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். அதற்குப் பிறகு நான் பேசினாலும் பிழை, பேசாவிட்டாலும் பிழை.

திங்கட்கிழமை அம்மா மறுபடி முதலாம் நாளைத் தொடங்கினார். குக்கரை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, இது இனி உங்களுக்கு, பல்கனியில் வை என்றார். புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். நான் வாங்குகிற பாத்திரத்தில் தான் சமைக்க முடியாது என்றார். ஒரு சின்ன எவர்சில்வர் பானையை மூன்றாம் மாடி அன்ரி மூலம் வாங்குவித்தார். அதில் சோறு ஆக முக்கால் மணித்தியாலம் பிடிக்கும், பருப்பு அவிய அதற்கு மேல். முழங்கால் வருத்தத்தோடு அத்தனை நேரமும் அடுப்படியில் நிற்கிறார். ஸ்டூல் கொண்டுபோய் வைத்தேன். தள்ளிவிட்டார். அடுத்த நாள் மனைவி அதே ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்தாள். இருந்தார்.

இரண்டாம் முறையின் ஒன்பதாம் நாள் அம்மாவுக்குச் சீனி இறங்கிவிட்டது. காலை பத்து மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, சுவரோடு சரிந்தார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டொக்டர் ஒரு இளம் பெண். இந்த வயதில் இப்படிப் பட்டினி கிடப்பது மடத்தனம், உங்களுக்கு யார் சொல்லித் தந்தது என்று அம்மாவைப் பேசினார். நான் பக்கத்தில் பைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகன் பன்றி அவித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு நேர்த்தி என்று மட்டும் சொன்னார். டொக்டர் என்னைத்தான் பொறுப்பான ஆளாக நினைத்து, கொஞ்சம் புத்தி சொல்லுங்கள் என்றார்.

விரதத்தை நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவரை அசைத்தது மனைவிதான். அன்று பின்னேரம் இரண்டு கோப்பைப் பால் கொண்டுபோனாள்.

"மாமி, காலையிலயும் பின்னேரமும் பால் குடிங்க. பால் சோறில்லத்தானே. நீங்க குடிக்காட்டி நானும் குடிக்கமாட்டேன். பிறகு நான் படுத்தா, இந்த நேத்தி யாருக்கு?"

பாலும் பழமும் விரதத்துக்கு ஆகும் என்று அம்மா தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக் குடித்தார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் குடிக்கிறார்கள். என்னைப் பற்றிக் கதைப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

மனைவி தேறிவிட்டாள். பல்கனிக் குக்கரில் அவளே ஒருதரம் பன்றி எலும்பு அவித்தாள், பட்டப்பகலில், அம்மா வீட்டில் இருக்கும்போது. அம்மா தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார், அவ்வளவுதான். மெதுவாக, அவளுடைய அக்கா கைப்பக்குவத்தில் புளித்து வந்தது. எனக்கும் ஒரு கோப்பையில் வைத்தாள். சாப்பிட முடியவில்லை என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக இருக்கும். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. உள்ளே மற்ற அடுப்பில் அம்மாவின் பானை மூடி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் காலையில் குசினி வாசலில் போய் நின்று கேட்டேன், ஏதாவது கதைக்க வேண்டும் என்பதற்காக.

"எத்தினையாம் நாள் அம்மா?"

"நீ எண்ணாத. நான் எண்ணுறன்."

சுளகில் அரிசி இருந்தது. பக்கத்தில் தண்ணீர் இருந்தது. அம்மா இரண்டு கையையும் சேலையில் துடைத்துவிட்டுச் சும்மா நின்றார். நான் அவ்விடத்தை விட்டுப் போகும்வரை அவர் அரிசியைத் தொடவில்லை.